ஐந்து கேப்டன்களும் முப்பது வினாடியும்

கண்ணுகளா, அணிக்கு உடை தைக்கிற ஆளாய் மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் ஊசிநூலோடு நிற்கிறேன். ரஷ்யா முழுக்கப் பார்க்கும் நகைச்சுவைப் போட்டியில் இது கேள்விச் சுற்று. எதிரணியான டோம்ஸ்க் நகர மாணவிகள் மைக்கில் கேட்டுவிட்டார்கள்: “எங்க ஊர் பஸ் ஸ்டாப்புல கூரை இருக்கு, பெஞ்சு ஏன் இல்ல?” சிரிக்க வைக்கும் பதில் சொல்ல முப்பது வினாடி. எங்கள் நட்சத்திர அணியின் ஐவரும், ஐந்து ஊர்களின் பழைய சாம்பியன் கேப்டன்கள், தலையோடு தலை முட்ட வட்டமாய்க் குனிந்திருக்கிறார்கள். இன்று இந்தப் பிள்ளைகளிடம் தோற்றால் இனி எந்த மேடையும் அவர்களைக் கூப்பிடாது. விளக்கில் பிடரி வியர்வை மின்னுகிறது. “சொல்லுடா அர்சேனி!” “நீதான பெரிய மேதாவி, நீயே சொல்லு.” தயீஸியா ஏதோ முணுமுணுக்கிறாள். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கேப்டன்களாக இருந்தால் கேட்டுச் சிரிக்க யார் இருக்கிறார்கள்? முப்பது வினாடிக்கு ஒலித்த இசை நின்றுவிடுகிறது. வட்டத்தை விட்டு இல்தார் தனியாக மைக்குக்கு நடக்கிறான். “உக்காந்தா எந்திரிக்க மனசு வராதுங்க. எங்களப் பாருங்க, பத்து வருஷமா வாங்கின பேரு மேலயே உக்காந்துட்டோம்.” மேல்மாடியிலிருந்து சிரிப்பு உருண்டு வருகிறது. வட்டத்தில் மிஞ்சிய நால்வரும் நிமிரவில்லை. அந்தச் சிரிப்பு பதிலுக்கா, தங்களைப் பார்த்தா என்று தெரியாமல், ஒருவர் தோளை ஒருவர் இறுகப் பிடித்தபடி நிற்கிறார்கள்.