குனியாத மருமகள்

வாசலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கோலத்தைப் பார்த்ததுமே வசந்தாமணிக்குச் சுருக்கென்றது. மாமியார் படுத்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் மருமகளுக்கு நாலு புள்ளி வைக்கக்கூட உடம்பு வணங்கவில்லை!

தம்பி கந்தவேலின் மனைவி சௌந்திரத்துக்கு இடுப்பு மூட்டு மாற்றி இருபத்தைந்து நாள். மருமகள் ஒன்றுமே கவனிப்பதில்லை என்று ஒரு கல்யாண வீட்டில் யாரோ காதில் போட்டார்கள். அது நிஜமானால் சௌந்திரத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்ற முடிவோடுதான், அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி குமாரபாளையம் வந்திருந்தாள்.

"வாங்க பெரியம்மா" என்று மருமகள் ஸ்ரீதேவி கைகூப்பினாள்.

அவ்வளவுதான். எப்போது வந்தாலும் காலைத் தொட்டுக் கும்பிடுகிற பெண். ஆசீர்வாதம் பண்ணத் தூக்கிய கையால் வசந்தாமணி தன் தலைமுடியை ஒதுக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

உள்ளே எல்லாமே விநோதமாக இருந்தது. சௌந்திரத்தின் நாற்காலிக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருந்தார்கள். அரிசி டப்பா, தண்ணீர்க் குடம், எல்லாம் மேடை மேல். கூட்டித் துடைக்க ஆள் வேறு போட்டிருந்தார்கள். சுவர் ஆணியில் ரெண்டு நீளக் குச்சிகள் தொங்கின. நுனியில் கம்பிக் கொக்கி. பிடியில் தறி நூல் சுற்றியிருந்தது, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம்.

"இதென்ன சௌந்திரம்?"

"உங்க தம்பி பண்ணிக் குடுத்ததுங்க அண்ணி. ஆறு வாரத்துக்குக் குனியவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. கீழ விழுந்தா இதுலதான் எடுக்கோணும்."

"சரி, ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு குச்சி?"

"ஊட்டுக்கு வர்ற ஆளுக்கு ஒண்ணு வேண்டாமுங்களா?" என்று சௌந்திரம் சிரித்தாள்.

இது என்ன பதில்? வசந்தாமணிக்கு மண்டை குடைந்தது.

"நீங்க வந்திருக்கறப்ப நைட்டியோட உக்காந்திருந்தா நல்லாவாங்க இருக்கும்?" என்று சௌந்திரம் சேலை மாற்றக் கிளம்பினாள். ஸ்ரீதேவி சிவப்புக் குச்சியையும் உள்பாவாடையையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றாள்.

சௌந்திரம் பாவாடையின் இடுப்புப் பக்கத்தைக் கொக்கியில் மாட்டித் தரைவரை இறக்கினாள்.

"முன்னால சாயாதீங்க அத்தை. ஆபரேசன் பண்ணின காலு முதல்ல."

"தெரியுது சாமி."

அந்தக் கால் உள்ளே போனது. அப்புறம் நல்ல கால். குச்சியாலேயே மெல்ல மெல்ல முழங்கால்வரை இழுத்து, பிறகு நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்று, நைட்டிக்குள்ளேயே நாடாவைக் கட்டினாள். நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கை கொடுத்தால் என்ன குறைந்துவிடும் இந்த மகராசிக்கு என்று வசந்தாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துச் சௌந்திரத்தின் தோளில் கிடந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. வசந்தாமணியின் காலடியிலேயே விழுந்தது.

ஸ்ரீதேவி துண்டைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள்.

"கெடக்கட்டும் சாமி. நீ போயி பெரியம்மாவுக்குக் காப்பி வெய்யி."

அவளும் போய்விட்டாள்! காப்பி வந்தது. குடித்து முடிக்கிறவரை வசந்தாமணி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரை ஸ்டூலில் 'ணங்'கென்று வைத்தாள்.

"சௌந்திரம், உன் துணியை எடுத்து வை. நீ என்கூட வர்ற. தம்பிகிட்டே நான் பேசிக்கறேன்."

"ஏனுங்க அண்ணி?"

"ஏனா? விழுந்த துண்டை எடுத்துக் குடுக்க இந்த வீட்டுல ஆளில்லை! ஏம்மா ஸ்ரீதேவி, அறுத்துத் தைச்சது உன் மாமியார் இடுப்பையா, உன் இடுப்பையா? கொஞ்சம் குனிஞ்சா ஒடிஞ்சா போயிடுவே?"

ஸ்ரீதேவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சிருங்க பெரியம்மா" என்று துண்டை எடுக்கக் குனியப் போனாள்.

"குனியாத!"

சௌந்திரம் போட்ட சத்தத்தில் வசந்தாமணியே எழுந்து நின்றுவிட்டாள். சிவப்புக் குச்சி குறுக்கே நீண்டு மருமகளை மறித்தது.

"நீ உள்ள போயி படு சாமி."

அவள் போகிறவரை பொறுத்திருந்து, சௌந்திரம் குரலைத் தணித்தாள்.

"மூணு மாசம் முடியாம வெளிய சொல்றதில்லைன்னு இருந்தோமுங்க. ஏற்கெனவே ரெண்டு தடவ தங்காமப் போயிருச்சு. இந்தத் தடவ குனியவே கூடாதுன்னு அவ டாக்டரம்மாவும் சொல்லிருச்சு. என்னைத் தூக்கி உடோணும், துணி மாத்தி உடோணும்னு அவ ஒத்தைக் கால்ல நின்னா. நாந்தான் கிட்டயே வராத, தள்ளி நின்னு சொல்லு போதும்னுட்டேன். ஊரு பேசறதை அவளும் கேட்டுட்டுத்தான் இருக்கறா."

வசந்தாமணியின் கண் தானாகச் சுவருக்குப் போனது. அங்கே நீலக் குச்சி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ, வர்ற ஆளுன்னு சொன்னது..."

"ஆமாங்க. வயித்துல இருக்கற ஆளுதானுங்க. அதுக்காகத்தான் அவளுக்கு ஒரு குச்சி."

சௌந்திரம் முகத்தைத் துடைத்துக்கொள்ளத் தோளைத் தடவினாள். துண்டு இல்லை. தரையைப் பார்த்தாள், பிறகு நாத்தனாரைப் பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"இப்போதைக்கு இந்த ஊட்டுல குனிய முடிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதானுங்க அண்ணி."