நாற்பத்தோராம் பக்கம்

நோட்டின் முதல் நாற்பது பக்கங்களை வெயிலுகந்தம்மாள் விறுவிறுவென்று புரட்டித் தள்ளினாள். நாற்பத்தொன்றில் நின்றாள்.

எதிரே நாற்காலி நுனியில் ரூபஸ் சார். எழுபத்திரண்டு வயது மனிதர், பரீட்சைப் பேப்பர் வாங்க வந்த பிள்ளையைப் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

அவரிடம் கணக்குப் படித்தவர்கள் கோவில்பட்டியில் இன்றும் அவரைக் கண்டால் பைக்கை ஓரங்கட்டி வணக்கம் சொல்வார்கள். வெயிலுகந்தம்மாளும் அவரிடம் படித்தவள்தான், ஆனால் அந்தக் கூட்டத்தில் இல்லை.

பத்தாம் வகுப்பில் ஒரு கணக்கைப் புத்தகத்தில் இல்லாத வழியில் போட்டுவிட்டாள். "ஏட்டி, எவளைப் பார்த்து எழுதுன?" என்றார். யாரையும் பார்க்கவில்லை என்றாள். உண்மையைச் சொல்லும்வரை வெளியே நில் என்று அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் அவள் அப்பாவைத் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வரவழைத்தார். வேலைக்குப் போன சட்டையோடு அப்பா வந்து, பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, கையைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. பார்த்துத்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டாள். செய்யாத திருட்டை ஒப்புக்கொண்ட பிறகுதான் வகுப்புக்குள் இடம் கிடைத்தது.

சாருக்கு அது நினைவே இல்லை. என் மாணவி, மெட்ராஸில் கணக்குப் புரொபசர் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார். அவளால் பொறுக்க முடியாதது அதுதான்.

ஓய்வு பெற்ற கையோடு மனிதர் இரட்டைப் பகா எண்களில் போய் விழுந்தார். பதினொன்று, பதின்மூன்று. பதினேழு, பத்தொன்பது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத எண்கள் இப்படி ஜோடி ஜோடியாக முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்குமா? வரும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். நிரூபிக்க இன்றுவரை ஒருவராலும் ஆகவில்லை.

ரூபஸ் சார் நிரூபிக்கக் கிளம்பினார். வருடம் ஒரு நோட்டு எழுதி, நகலெடுத்து, அவளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவார்.

அவர் பிடித்த வழியில் எவ்வளவு நடந்தாலும் ஊர் வராது. அந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். முதல் கடிதத்திலேயே அவள் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. ஒரே ஒரு ஓட்டைதான் சார், அதை அடைத்துவிட்டால் முடிந்தது என்று எழுதினாள். அடுத்த வருடம் இன்னோர் ஓட்டை. அதற்கடுத்த வருடம் இன்னொன்று. இப்படியே பதினான்கு வருடம் ஓட்டினாள்.

இந்த வீட்டில் இனி நோட்டுக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டு, அவர் மனைவி ஸ்டெல்லாமேரி தூத்துக்குடிக்கு மகள் வீட்டோடு போய்விட்டாள். போனில் அந்தச் சேதியைக் கேட்ட அன்று வெயிலுகந்தம்மாள் பாயசம் வைத்துக் குடித்தாள். அவ்வளவு ஆங்காரம்.

ஆனால் பெரிய கணக்குகளுக்கு ஒரு குணம் உண்டு. தேடி வந்தவனிடம் அவை அகப்படுவதில்லை. வெறுங்கையோடு அனுப்புவதுமில்லை. கணிதத்தில் இன்று எல்லோரும் நடக்கிற எத்தனையோ பாதைகள், எங்கோ போகக் கிளம்பிப் போய்ச் சேராமல் தோற்றவர்கள் போட்டவைதான்.

நாற்பத்தோராம் பக்கத்தின் அடியில் ரூபஸ் சார் அப்படி ஒன்றைப் போட்டிருந்தார். ஆறே வரி. அதன் அருமை அவருக்கே தெரியாது. அவர் தேடிய நிரூபணத்துக்கு அது உதவப்போவதில்லை. ஆனால் வேறொரு கேள்வியில் உலகம் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு பேர் மூன்று வருடமாக முட்டி மோதிக்கொண்டிருந்த இடம் அந்த ஆறு வரியில் திறந்துகொள்ளும். அவர்களில் அவளும் ஒருத்தி.

இந்த வருடத் தபால் கட்டை இன்னும் பிரிக்கவில்லை, நேரிலேயே வந்து பார்க்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் காலையிலேயே கடம்பூர் வரை பஸ்ஸில் போய் அவளுக்காகப் போளி வாங்கி வந்திருந்தார்.

"இந்தப் பக்கம் வேண்டாம் சார். இது தப்பு. இதுதான் உங்கள வழி மாத்திவிடுது. கிழிச்சிருங்க."

ரூபஸ் சார் நோட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த ஆறு வரியைப் பார்த்தார்.

"இது ஒண்ணுதாம்மா எனக்கு உறுதியாத் தெரிஞ்சுது," என்றார். "நீயே தப்புன்னு சொல்லுதன்னா தப்பாத்தான் இருக்கும்."

அடிஸ்கேலை வைத்து ஓரம் பிசகாமல் கிழித்தார். கசக்கப் போனவரிடமிருந்து, வெளியே போட்டுவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டாள். மற்றபடி ரொம்பவும் நெருங்கிவிட்டீர்கள் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துபோனது. போளித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். இரண்டு தின்றாள்.

மழை பெய்திருந்தது. கரிசல் செருப்பில் அப்பிக்கொண்டு வந்தது. தெருமுனை திரும்பியதும் நின்று தாளைப் பிரித்தாள்.

வாத்தியார் பழக்கம் விடவில்லை. பக்கத்தின் மேல் மூலையில் சிவப்பு மையில் தேதி போட்டிருந்தார். ஜனவரி ஒன்பது.

தபாலில் வந்த கட்டை அவள் பிப்ரவரியிலேயே பிரித்துப் படித்தாயிற்று. நகலைச் சித்திரையில் எரித்தாயிற்று. ஆகஸ்டில் அந்த ஆறு வரி அவள் பெயரில் வெளிவந்தது. வெளிநாட்டில் இப்போது அதை அவள் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.

தேதி இருந்த மூலையை முதலில் கிழித்தாள்.