மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள்

இரண்டும் ஒரே படம்.

அவள் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி நேராக.

சந்தேகமே இல்லை. மூன்றாம் நாள் என்று போட்டிருந்த பூஞ்சைத் தட்டும், ஒன்பதாம் நாள் என்று போட்டிருந்த தட்டும் ஒன்றுதான். ஒன்றின் இடது ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. மற்றதில் அதே திட்டு வலது ஓரத்தில், கவிழ்ந்து கிடந்தது.

இந்த ஆய்வகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பூஞ்சையை வளர்த்தவள் அவள். ஆறு வருடமாக அதன் முகத்தில்தான் விழிக்கிறாள்.

அந்த ஆராய்ச்சிப் பேப்பர் ஜெனிட்டாவுடையது.

அவளுக்கு மூன்று வருடம் பின்னால் வந்து சேர்ந்தவள் ஜெனிட்டா. ஏழு பேப்பர் போட்டுவிட்டாள். இது எட்டாவது. ஒவ்வொன்று வரும்போதும் துறைக்கே அல்வா வாங்கி வருவாள். முதல் துண்டை அவளிடம்தான் நீட்டுவாள்.

ஆறு வருடமாக இருக்கும் அவளுக்கோ ஒரே ஒரு பேப்பர்.

இன்னொன்று வந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியும். கெடு மார்ச்சில் முடிகிறது.

"ஜெனிட்டா ஏழு. நீ இன்னும் ஒண்ணுலயே நிக்கே."

போன வாரம் கைடு சார் எல்லார் முன்னாலும் சொன்னார். யாரோ சிரித்தார்கள். ஜெனிட்டா சிரிக்கவில்லை.

அதுதான் அதிகம் எரிந்தது.

அச்சுக்குப் போகும் முன் இன்னொருவர் படித்துப் பார்த்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சார் வைத்த சட்டம். பேப்பர் எழுதுகிறவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? எப்போதும் அவளிடம்தான் வரும்.

பேனாவைத் திறந்தாள்.

வரட்டும். அப்படியே அச்சில் வரட்டும். உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் ஒருவர் கண்டுபிடித்து எழுதுவார். பேப்பரைத் திரும்பப் பெறச் சொல்வார்கள். பிறகு மற்ற ஏழு பேப்பரையும் தோண்டுவார்கள்.

நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

'பிழை இல்லை' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

ஜெனிட்டா கணினி முன்னால் காத்திருந்தாள். தாள்களை வாங்கியவள் புரட்டக்கூட இல்லை.

"நீங்க பாத்தா போதும்க்கா. அனுப்பிரட்டா?"

"ம்."

"முதல் பக்கத்தப் பாத்தீங்கல்லா?"

பார்க்கவில்லை. ஜெனிட்டாவின் பேப்பர்களில் முதல் பக்கத்தை அவள் பார்ப்பதே இல்லை. பெயர் அங்கேதான் இருக்கும்.

ஜெனிட்டா அந்தப் பக்கத்தை எடுத்து அவள் கண் முன்னால் பிடித்தாள்.

ஜெனிட்டாவின் பெயர். அதற்கு அடுத்து, அவள் பெயர். இனிஷியலோடு.

"பூஞ்சை உங்களுதுல்லா. சார் வேண்டாம்னுதான் சொன்னாவ. நான் விடல. இனி நீங்க தீசிஸ் குடுத்துரலாம்க்கா."

ஜெனிட்டாவின் விரல் மவுஸின் மேல் இருந்தது.



"நில்லு."

"என்னக்கா?"

"அஞ்சாம் பக்கம். அந்த ரெண்டு படத்தையும் பாரு."

ஜெனிட்டா பார்த்தாள். முகம் வெளிறியது.

"ஐயோ! இது வேற படம்லா போட வேண்டியது!"

ஒன்பதாம் நாளின் சரியான படம் கணினியிலேயே இருந்தது. மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஜெனிட்டா ஓடிப்போய்ச் சாரைக் கூட்டி வந்தாள். சார் இரண்டு படங்களையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எம்மா! நானே பாக்கலையே இத. இந்தக் கண்ணு யாருக்கு வரும்?"

ஆறு வருடத்தில் முதல் தடவை. மேசைகளில் இருந்த எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

சார் போன பிறகும் ஜெனிட்டா அவள் கையை விடவில்லை.

"கையெழுத்தெல்லாம் போட்டுட்டீங்க. பெறகு எப்பக்கா கண்டுபிடிச்சீங்க?"

வெறும் வியப்பில்தான் கேட்டாள்.

"இப்பத்தான்."