ஆயிரம் துண்டுப் படம்

"நாற்காலியை நகர்த்தினீங்க! கள்ளாட்டம்!"

"தோத்துட்டா உடனே கள்ளாட்டமா? போடி!"

மாடியில் கேரம் பலகை கவிழ்ந்த சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அக்கா அண்ணாந்து பார்த்தாள். தங்கையும் மாப்பிள்ளையும் பல் தேய்ப்பதில்கூட முந்தப் பார்க்கும் ஜென்மங்கள். இப்படியே விட்டால் குடும்பம் இரண்டாகிவிடாதா?

மறுநாளே ஆயிரம் துண்டுகளைப் பொருத்தும் படப்புதிர் ஒன்றோடு மாடியேறினாள். "இதுல ஜெயிக்கிறதும் இல்ல, தோக்கிறதும் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து முடிங்க!"

மூன்றே வாரம். "இந்த வானத்துத் துண்டை நீயே வை." "பரவால்ல, நீங்க வைங்க." கேட்கக் கேட்க அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள்.

ஒரு காலையில் இருவரும் சிரித்தபடி இறங்கி வந்து ஒரு காகிதத்தை நீட்டினார்கள். விவாகரத்து மனு.

"அடப்பாவிகளா! இப்பத்தானே ஒத்துமையா இருக்கீங்க?"

"அஞ்சு வருஷமா பீரோவுல கிடந்துச்சுக்கா," என்றாள் தங்கை. "முதல்ல கையெழுத்துப் போடறவங்க தோத்த மாதிரி ஆயிடும்னு ரெண்டு பேருமே போடல. உன் புண்ணியத்துல அந்தப் பயம் போச்சு. சேர்ந்தே போட்டுட்டோம்!"

மாப்பிள்ளை வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். தங்கை அடுத்த வருடமே ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்தில் வாசலில் நின்று வாய் நிறைய வரவேற்றது பழைய மாப்பிள்ளை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது அக்கா மட்டும்தான்.