மலையடி நிறுத்தம்

ஊருக்கு எதிரே மலைச்சரிவில், நூறு வருஷத்துக்கு முன்பு மரங்களை நட்டே இரண்டு உருவங்களை வரைந்திருந்தார்கள். ஒரு தாய், அவளுடைய இடது கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. மலையடி வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டருக்கு அது பார்த்துப் பார்த்துச் சலித்த காட்சி.

செவ்வாய்க்கிழமை காலை டிரிப்பில் தாய் மட்டும் நின்றாள். சிறுமி இருந்த இடத்தில் வெறும் புல்தான் தெரிந்தது.

“பிள்ளையை வெட்டிட்டாங்களா அண்ணே?”

“வெட்டினா அடிக்கட்டையாவது இருக்காதா? பனி மறைச்சிருக்கும்,” என்றார் டிரைவர். வெயில் சுள்ளென்று அடித்தது.

சாயங்காலம் திரும்பும்போது ஜன்னலோரத்தில் ஆறேழு வயதுப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். கால் நிறைய ஈரமண். வலது கையை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

“எங்கே இறங்கணும்மா?” என்றார் கண்டக்டர்.

“மலையடியில. அம்மா மேல நிக்கிறாங்க.”

“உன்னைத் தேட மாட்டாங்களா?”

“அவங்களால வர முடியாது. எனக்குக் கை ரொம்ப வலிச்சுது. அதான் கொஞ்சம் சுத்திட்டு வரலாம்னு வந்தேன்.”

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கவில்லை. மலையடியில் விசில் கொடுத்து அவளை இறக்கிவிட்டார்.

“பராக்குப் பார்க்காம நேரா போ, என்ன?”

அவள் தலையாட்டிவிட்டுச் சரிவில் ஏறினாள்.

மறுநாள் காலை சிறுமி மலையில் நின்றாள். தாயின் வலப்பக்கத்தில், அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு.

டிரைவர் இந்தமுறை பனி என்று சொல்லவில்லை. கண்டக்டர் இத்தனை வருஷமாக ஒரே தோளில் தொங்கிய பையைக் கழற்றி, மறு தோளில் மாட்டிக்கொண்டார்.