தாளம் தப்பாத நாய்

சிரிப்பு கடைசியில்தான் வரும். இப்போதே பல்லைக் காட்ட வேண்டாம்.

பூனை துரத்த, சுண்டெலி இசைக் கீபோர்டின் மேல் தாவியது. யாரோ அதை நாய்க் குரலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கால் பட்டதும் கட்டை "வள்!" என்றது. பூனை பீரோ உச்சிக்கு ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டது.

எலிக்குக் குஷி. மெல்ல மிதித்தால் நாய் முனகியது, ஓங்கி மிதித்தால் குரைத்தது, சறுக்கினால் ஊளையிட்டது.

"நாயண்ணே, தெரியாம வந்துட்டேன்! எனக்கு எலியே வேணாம்!" என்று பூனை கும்பிட்டது.

வளை இரண்டே அடி தூரம். ஓடியிருக்கலாம். எலிக்கு மனசு வரவில்லை, கட்டைகள் மேல் நாலு காலாலும் ஆடத் தொடங்கியது.

"வள் வள், வவ்வள்! வள் வள், வவ்வள்!"

பூனையின் வாலும் கூடவே ஆடியது. திடீரென்று நின்றது. ஒரு கண் திறந்தது.

"ஏன்டா சுண்டு, எந்த ஊரு நாய்டா தாளம் தப்பாம குரைக்குது?"