கூட வந்த சத்தம்

கிளிஃபர்ட் விட்ட முதல் குத்திலேயே ராஜரத்தினத்தின் உதடு கிழிந்தது. பட்டினப்பாக்கத்தில் மீன் வெட்டித் தரும் அந்த மனிதர், பலகையில் கிடந்த வஞ்சிரத்தின் மேலேயே மல்லாந்து விழுந்தார்.

"எம் பொண்ணுக்கு அந்த வார்த்தைய சொல்லிக் குடுத்தது நீதான?"

"எந்த வார்த்தை சார்?"

"மெண்டல்."

சுற்றி நின்றவர்கள் வேறு நாளாக இருந்தால் கிளிஃபர்டை நாலு சாத்து சாத்தியிருப்பார்கள். பெண்பிள்ளை விஷயம் என்றதும் தயங்கினார்கள்.

காலையில்தான் அந்த அவமானம். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம், தலைவர் கிளிஃபர்ட். 'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்ட' என்று பேசிய டாக்டரையே மேடையில் நிறுத்தித் திருத்தினார். 'நோய்' என்று சொல்லக் கூடாது, 'சிறப்புக் குழந்தை' என்று கொஞ்சவும் கூடாது. "தப்பான வார்த்தைய சொல்றவன், அந்தப் புள்ளைய கைநீட்டி அடிக்கிறவன்" என்றார்.

அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த அவர் மகள் ஷில்பா காதைப் பொத்திக்கொண்டாள். "மெண்டல். பட், பட்" என்றாள். அத்தனை பேருக்கும் கேட்டது.

ஷில்பா தானாகப் பேச மாட்டாள். கேட்டதை, கூட வந்த சத்தத்தோடு அப்படியே திருப்பிச் சொல்வாள். பிறகு அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் பேச்சு வந்துவிடும். சர்ச் மணி அடித்தால் 'ஆமென்'. குக்கர் விசில் அடித்தால், அப்பாவின் குரலிலேயே 'அடுப்ப அணைடி, மர்சலின்'.

அப்படியானால் இந்த 'பட், பட்'? மீன் வெட்டும் கத்தி என்று கிளிஃபர்ட் முடிவு கட்டினார். மனைவி மர்சலின் மகளோடு மீன் வாங்க வருவது இந்தக் கடைக்குத்தான். கூட்டத்திலிருந்து இருவரையும் இழுத்துக்கொண்டு நேராக வந்துவிட்டார்.

"நான் பாப்பான்னுதான் சார் கூப்டுவேன்" என்றார் ராஜரத்தினம், ரத்தத்தைத் துப்பிவிட்டு. அதற்கும் விலாவில் ஒரு உதை விழுந்தது. தராசு எகிறிப் போய் மணலில் விழுந்தது.

பக்கத்துக் கடை தாயம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா நைனா, இங்க நாள் பூரா கத்தி போட்டுக்கினேதான் கீறோம். பாப்பா வாயே தொறக்கலியே."

உண்மைதான். அப்போதும் நாலைந்து கடைகளில் கத்தி கட்டையில் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஷில்பா இறால் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோபம் வந்துவிட்டால் கிளிஃபர்டுக்கு எதுவும் ஏறாது. வெட்டுக் கட்டையை இரண்டு கையாலும் தூக்கி, ராஜரத்தினத்தின் தலைக்கு மேல் ஓங்கினார்.

வெயிலுக்குத் துப்பட்டாவை முகம் மறையச் சுற்றியிருந்த மர்சலின் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"அவர விட்டுடுங்க. அவர் சொல்லல."

"ஒனக்கு எப்டிடி தெரியும்?"

மர்சலின் மகளைப் பார்த்தாள். அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது. கட்டையைக் கீழே போட்டுவிட்டு, ஊரே பார்க்க அவள் கன்னத்தில் மாறி மாறி இரண்டு அறை விட்டார்.

மீன் வெட்டுகிறவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். ஷில்பா காதைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை பேச்சு முழுசாக வந்தது.

"மெண்டல பெத்துப் போட்டுட்டியேடி, மர்சலின்."